மூணாம் நகல்ல மாப்பிள்ளை, நாலாம் நகல்ல பொண்ணு

பொதுமக்களின் மேலான வசதியை முன்னிட்டு, கல்யாணப் பதிவு ஆபீஸை நாலா ஆக்கிட்டாங்க.

பதிவாளர் ஐயாவுக்கு ஒரு மச்சான். கம்ப்யூட்டர்ல கத்தியைத் தூக்கிக்கிட்டு பூதத்தைத் தேடுறதுதான் அவருக்கு முழுநேரத் தொழில். ஒரு நாள் ஐயா எட்டிப் பார்த்துட்டு, "லட்சம் பேரு விளையாடறாங்கன்னு சொன்ன, தெருவுல ஐம்பது பேருகூட இல்லையே"ன்னாரு.

"ஒரே ஊரை நிறைய நகல் எடுத்து வச்சிருக்காங்க மாமா. ஒண்ணு நிறைஞ்சா அடுத்த ஆளை அடுத்ததுல போட்டுடுவாங்க. அதே தெரு, அதே கிணறு. இதுல நிக்கறவனுக்கு அதுல நிக்கறவன் கண்ணுக்கே தெரிய மாட்டான்."

"யாரும் புகார் பண்ணலியா?"

"கூட்டம் இருக்கறதே தெரியாதப்போ என்னன்னு பண்ணுவான்?"

நம்ம ஆபீஸ் கூட்டத்தையும் இப்படி நகல் எடுத்துப் பிரிச்சுட்டா என்னன்னு ஐயாவுக்கு அப்பவே யோசனை உதிச்சிடுச்சு.

ஆபீஸை ஒட்டி வரிசையா இன்னும் மூணு அறை எழும்புச்சு. கட்டினது நம்ம கொத்தனார். நகல்னா சும்மாவா? ஒண்ணாம் அறையில பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், அதனால மத்த மூணு பெஞ்சுக்கும் கால் அறுத்தாங்க. ஓடாத கடிகாரம் நாலையும் ஒரே நேரத்துல ஓடாம வச்சாங்க. ஒண்ணாம் அறைச் சுவர்ல விரிசல் விட்டா, கொத்தனார் உளியோட வந்து மத்ததுலயும் அதே விரிசலை விட வைக்கணும். "விரிசல் விட வச்சு கூலி வாங்குன ஒரே ஆளு நான்தான்"னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, தன் கல்யாணம் வர்ற வரைக்கும்.

பொண்ணு நர்ஸ். வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் காட்டினா ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம் கிடைக்கும். இல்லன்னா வேற ஜோடிக்குப் போயிடும்.

திங்கக்கிழமை ரெண்டு பேரும் போனாங்க. வாசல்ல சீட்டு மெஷின். எந்த அறையில கூட்டம் கம்மியோ அங்க அனுப்பும். கொத்தனாருக்கு மூணு வந்துச்சு. அவரு உள்ள போனதும் மூணுல ஒரு தலை கூடிப்போச்சு, அதனால நர்ஸுக்கு நாலு.

கிளார்க் கேட்டாரு, "பொண்ணு எங்க?"

"பக்கத்து அறையில சார்."

"பக்கத்து அறைன்னு ஒண்ணு கிடையாதுங்க. இது ஒரே அறை. நாலு தடவை இருக்கு."

"அப்ப அவ இங்கதான் இருக்காளா?"

"இங்கதான் இருக்காங்க. உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"அப்பக் கையெழுத்துப் போடுங்க."

"என் கண்ணுக்கும் தெரியலையே."

"நான் அங்க போயிடறேன் சார்."

"ஒரு நகல்ல சீட்டு வாங்கினவர் இன்னொரு நகல்ல நடமாட விதியில இடமில்ல. குழுவா பதிவு பண்ணிட்டு வாங்க, மெஷின் ஒரே அறையில போடும்."

"அதுக்கு என்ன வேணும்?"

"கல்யாணச் சான்றிதழ்."

செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் இதே கதை. வெளியில வந்து நர்ஸ் சொன்னா, "நல்லாத்தாங்க கட்டியிருக்கீங்க. ஒரு சத்தம்கூடக் கேக்கல."

வெள்ளிக்கிழமை காலையில ஒண்ணாம் அறையில புதுசா விரிசல். கூப்பிட்டு விட்டாங்க. கொத்தனாரு உளி, சுத்தியலோட வந்தாரு. நர்ஸும் கூடவே வந்தா, ரெண்டு பேரும் சீட்டு எடுத்தாங்க. வழக்கம்போல அவருக்கு மூணு, அவளுக்கு நாலு. மூணாம் அறை வலது சுவர்ல விரிசலை நகல் எடுக்க ஆரம்பிச்சாரு. கொஞ்சம் ஆழமா எடுத்துட்டாரு. செங்கல் விழுந்துச்சு, அந்தப் பக்கம் நர்ஸ் முகம் தெரிஞ்சுது.

"சார், பொண்ணு தெரியுதா?"

கிளார்க் எட்டிப் பார்த்தாரு. "தெரியுது." கையெழுத்துப் போட்டு சான்றிதழையும் கொடுத்துட்டாரு.

அந்த நேரம் பார்த்து ஐயா உள்ள வந்தாரு. ஓட்டையைப் பார்த்தாரு. முகம் சிவந்துடுச்சு.

"மூணுல வலது பக்கம் ஓட்டை, நாலுல இடது பக்கம் ஓட்டை. மத்ததுல இல்ல. இதுக்குப் பேரு நகலா?"

உடனே ஆர்டர் ஆச்சு. நாலு அறையிலயும் ரெண்டு பக்கமும் ஓட்டை போடணும். போட்டாரு. நாலாம் அறை வலது சுவருக்கு அந்தாண்ட கக்கூஸ், ஒண்ணாம் அறை இடது சுவருக்கு அந்தாண்ட தெரு. நகல்னா நகல்தானே. மறுநாள்லேர்ந்து ஜனங்க தெரு ஓட்டை வழியாவே வர ஆரம்பிச்சாங்க. வாசல்ல மெஷின் ஆளில்லாம நின்னுச்சு. வர வர இடிச்சு இடிச்சு ஓட்டையெல்லாம் பெருசாகி, நாலு அறையும் ஒரே கூடமாப் போச்சு. தொலைநோக்குடன் கூடிய ஒருங்கிணைப்புக்காக ஐயாவுக்குப் பதவி உயர்வு கிடைச்சுது.

அடுத்த வருஷம் பிறப்புப் பதிவையும் அங்கயே கொண்டு வந்துட்டாங்க. கொத்தனாரும் நர்ஸும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கால் வைக்க இடமில்ல. ஒருத்தன் முழங்கை கொத்தனாரு மூக்குல இடிச்சுது.

"நாலு அறையா இருந்தப்போ எவ்வளவு நிம்மதி. எவன்யா சுவரை உடைச்சான்?"ன்னு பக்கத்துல ஒருத்தர் கேட்டாரு.

"எவனோ கூறுகெட்டவன்"னாரு கொத்தனார், மூக்கைத் தடவிக்கிட்டே.

மறுபடி பிரிக்கச் சொல்லி ஒரு மனு கூட்டத்துல கைமாறி வந்துச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. கொத்தனாரும் போட்டாரு. கீழயே, சுவர் எழுப்ப ஆள் இருக்குன்னு தன் போன் நம்பரையும் எழுதினாரு.

நர்ஸ் குழந்தையை இடுப்பு மாத்திக்கிட்டா.

"தாராளமா எழுப்புங்க. மெஷின் ஆளுக்கொரு அறையில போடட்டும். இப்ப நாம மூணு பேரு."