பின் சீட்டில் இன்ஸ்பெக்டரம்மா

பெங்களூரில் ஒழுங்காக ஓடுகிற காரை எங்கேயாவது பார்த்தால், அதை ஓட்டுகிறவர் கிளட்ச் அக்காவிடம் திட்டு வாங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிரேசர் டவுனில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. யாரும் கேட்டதில்லை. "கிளட்ச்! கிளட்ச்ச மிதி, என் உயிர மிதிக்காத!" என்று அவர் கத்தினால் பக்கத்தில் போகிற ஆட்டோக்காரரின் இடது கையும் தானாக இறுகும். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவரிடமே கார் ஓட்டவும் கற்றேன். எனவே திட்டு எனக்கு இரண்டு ஷிஃப்ட்.

கொல்லைப்புறத்தில் அக்கா கோழி வளர்த்தார். அங்கே பழுப்புப் பெட்டை ஒன்று ஆட்சி நடத்தியது. பெயர் இன்ஸ்பெக்டரம்மா. அது தின்று முடிக்கும் முன் வேறு எவளாவது தட்டுப் பக்கம் கழுத்தை நீட்டினால் மண்டையில் ஒரு கொத்து. மனிதர்களிடமும் பாரபட்சம் கிடையாது. மாடிப்படி இறங்கியதும் குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் ஆபீஸ் கேபுக்கு ஓடுவேன். வெயில் மழை எல்லாம் பார்ப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை விஷயம் முற்றியது. சின்னி என்ற வெள்ளைக் கோழியின் தலையில் இறகு பிய்ந்து ரத்தம். அதைத் தூக்கப் போன பீட்டர் அண்ணனின் கணுக்காலிலும் ரத்தம். பீட்டர் அண்ணன் அக்காவின் கணவர், பொறுமைசாலி. அன்று அதுவும் தீர்ந்துவிட்டது.

"இந்தாம்மா, சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வந்தா இது கொழம்புல கெடக்கணும்."

"குஞ்சுலேருந்து கையில வச்சு வளத்தது. அதுவரைக்கும் சும்னே இருங்க. நான் திருத்துறேன்."

"கோழியத் திருத்தப் போறாளாம், கோழிய!"

நான் குறுக்கே புகுந்தேன். காலையிலிருந்து கோழி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். "அக்கா! கொஞ்ச நாள் மத்ததுங்க கண்ணுல படாம தனியா வச்சா கெத்து எறங்கிடுமாம்!"

"இதுக்கு வீடியோ வேறயா? கெத்து காட்டுற ஸ்டூடன்ட நான் என்ன பண்ணுவேன்?"

பின் சீட். ஸ்டியரிங்கைத் தொட்டதுமே ரேஸ் வீரனாகிவிடுகிறவர்களை அக்கா பின்னால் உட்காரவைத்து, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்கச் செய்வார். வாய் திறக்கக் கூடாது. கொல்லையில் இன்னொரு கூண்டுக்கு இடமும் இல்லை. மறுநாளே இன்ஸ்பெக்டரம்மா வலை போட்ட கூடையில் உட்கார்ந்து காரில் ஏறியது. ராத்திரித் தூக்கமும் அதே கூடையில், காரிலேயே.

நான் கியரைக் கர்ரென்று இழுத்தால் பின்னாலிருந்து 'கொக்'. சிக்னலில் வண்டி அணைந்துபோனால் 'கொக்கொக்கொக்'.

"பாரு, அவளுக்கே தெரியுது!" என்பார் அக்கா.

எனக்கு அடுத்து வந்த ஒரு பேங்க் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், நீங்க மட்டும் திட்டுங்க. ரெண்டு பேரத் தாங்காது."

சனிக்கிழமை மாலை கோழியைக் கொல்லையில் இறக்கிவிட்டோம். அண்ணன் மசாலா வறுத்து அரைத்துத் தயாராக இருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா நெஞ்சை நிமிர்த்தித் தட்டை நோக்கி நடந்தது. ஒரு கறுப்புக் கோழி திரும்பி மண்டையில் ஒரே கொத்து. பின்னாலேயே இன்னொன்று. அது ஊரில் இல்லாதபோது பதவியெல்லாம் பங்கு போடப்பட்டிருந்தது! பாவம், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது.

"ஜெயிச்சிட்டோம் அக்கா!" என்று குதித்தேன்.

அக்கா குதிக்கவில்லை. "திமிரத்தான எறக்கணும்னு நெனச்சேன். புள்ள தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குதே." அவ்வளவு மெதுவாகவும் அவரால் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் ஒரு கிண்ணத்தில் தீவனம் கொண்டுவந்து கல்லுக்குப் பின்னால் தனியாக வைத்தார். "நாளைக்கு மீன் வாங்கிக்கலாம்."

சின்னி தயங்கித் தயங்கி அந்தக் கிண்ணத்துக்கு வந்தது. இன்ஸ்பெக்டரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சீறினார். "என்னடி பார்வ? திங்கக்கெழம கிளாசுக்கு லேட்டா வந்தே, தெரியும் சேதி!"

எனக்கு லைசென்ஸ் வந்து, வைட்ஃபீல்டுக்குக் குடிபோயும் ரொம்ப நாளாகிறது. பார்க்கிங் இன்னும் சரியாக வரவில்லை என்று சொல்லி, லீவு நாளில் அக்காவின் காரில் ஏறிவிடுகிறேன். பார்க்கிங் எனக்கு நன்றாகவே வரும்.