ஊரே மகிழ்ச்சி என்றது இயந்திரம்

அன்புள்ள தம்பி ஆர்லோவுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் என் பழைய ஹீட்டரும் முக்கி முனகி ஓடிக்கொண்டிருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். அதெல்லாம் வேண்டாம். சாலை முழுக்கப் பனி, விமானத்தில் கூட்டம், எனக்கும் தனியாக இருந்து பழகிவிட்டது. அதை விடு, நான் எழுத வந்த சங்கதி வேறு. உன் அக்கா ஒரு இயந்திரத்தை ஜெயித்துவிட்டாள்.

நம் ஹால்வர் லேக் நகரசபைக்குப் புது நிர்வாகி வந்திருக்கிறார், காஸ்டெல்லானோ என்று பெயர், நியூ ஜெர்சிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் மினசோட்டா டிசம்பரில் தொப்பி இல்லாமல் நடக்கிறார், அதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள். வந்த கையோடு, ஸ்கேட்டிங் ரிங்க்கை மூடிவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் கட்டலாம் என்று கிளம்பினார். நீ முன்பல்லை உடைத்துக்கொண்ட அதே ரிங்க். உன் அத்தான் ஹார்லன் வருஷா வருஷம் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த ரிங்க். அவர் போனபிறகு அதன் கணப்பு அறையைத் திறந்து காபி போடுவது நான்தான். பிள்ளைகள் வந்து ஸ்கேட்டைக் கட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டுவார்கள், அம்மாக்கள் ஊர்வம்பு பேசுவார்கள். அது போய்விட்டால் வசந்தம் வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை இந்த ஹீட்டர் மட்டும்தான்.

மக்கள் கருத்தைக் கடிதமாக எழுதி அனுப்பலாம் என்றார்கள். ஊரே கொதித்துப் போய் எழுதியது. நானும் எழுதினேன், இருந்த கோபத்தையெல்லாம் கொட்டி. 'கார் நிறுத்துமிடம் என்பது சுவாரசியமான யோசனை. திரு. காஸ்டெல்லானோவின் உற்சாகம் பாராட்டத்தக்கது. ரிங்க் இல்லாமலும் குளிர்காலம் எப்படியோ கழியும்.' அஞ்சல் பெட்டியில் போட்டபிறகு, இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க வேண்டாமோ என்று மனசு உறுத்தியது. பக்கத்து வீட்டு லொரெய்ன் இன்னும் ஒரு படி மேலே போய் 'இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது' என்றே எழுதிவிட்டாள். பாதிரியார் கேட்டால் என்ன நினைப்பார்!

அத்தனை கடிதத்தையும் உட்கார்ந்து படிக்க யாரால் முடியும் என்று காஸ்டெல்லானோ அவற்றை ஸ்கேன் செய்து, எங்கோ கிளவுட்டில் இருக்கும் ஒரு சேவைக்கு அனுப்பிவிட்டார். அந்த இயந்திரம் எழுத்தைப் படித்து, எழுதியவர் மகிழ்ச்சியா, கோபமா, சோகமா என்று சொல்லிவிடுமாம். கூட்டத்தில் பெரிய திரை போட்டுக் காட்டினார். திரை முழுக்கப் பச்சைப் பச்சையாகச் சிரித்த முகங்கள்! நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் மகிழ்ச்சியாம். அதில் முதல் பரிசு மாதிரி என் கடிதத்தைப் பெரிதாக்கிப் போட்டு, "ஆர்டிஸ் அம்மாவுக்குத்தான் எல்லாரையும் விட சந்தோஷம் ஜாஸ்தி, ரொம்ப நன்றிம்மா!" என்று கைதட்டினார். ஊரும் சேர்ந்து கைதட்டியது, தட்டாவிட்டால் மரியாதை இல்லையே. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன்.

ஓட்டெடுப்பு அடுத்த வாரம். ஒரு வாரம் மண்டையைக் குடைந்ததில் ஒரு வழி பிறந்தது. கைப்பையை நிரப்பிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மேயர் டுவேன் மணியடிக்கும் முன்பே எழுந்து, "உங்க மெஷின் ரொம்ப கெட்டிக்காரத்தனமா இருக்கு. சிரமமில்லேன்னா இதையும் கொஞ்சம் படிக்கச் சொல்றீங்களா?" என்று ஒரு கட்டு அட்டைகளை நீட்டினேன்.

காஸ்டெல்லானோவுக்கு வாயெல்லாம் பல். படிக்கவைத்தார். பச்சை முகம். மகிழ்ச்சி, பாராட்டு, முக்கியமான பொருள் ஹாம் சாண்ட்விச் என்று வந்தது.

"ஏதோ விசேஷம் போலிருக்கே, கல்யாணமா?" என்றார்.

"என் வீட்டுக்காரர் செத்ததுக்கு வந்த அனுதாப அட்டைங்க. அடக்கத்தன்னிக்குப் போட்ட சாண்ட்விச் நல்லாருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க," என்றேன்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். காஸ்டெல்லானோவின் முகம் சுண்டிப்போனது. "இன்னொண்ணு இருக்கு, ரொம்பச் சின்னது," என்று ஹார்லனின் துண்டுச்சீட்டைக் கொடுத்தேன். டுலூத்தில் மிர்டில் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் போயிருந்தேனே, அப்போது எழுதியது. 'பிடிவாதக்காரி, கோவேறு கழுதை. காபி நாறுகிறது. வீடு நரகமாக இருக்கிறது. இனிமேல் என்னால் தாங்க முடியாது. கிளம்பி வா.' திரையில் ஒரே சிவப்பு. கடும் வெறுப்பு என்றது இயந்திரம்.

"இவர் உங்களை மிரட்டினாரா?" என்று காஸ்டெல்லானோ பதறிவிட்டார்.

"இல்லீங்க. எனக்கு வந்த ஒரே காதல் கடிதம் அதுதான்," என்றேன்.

அப்புறம் எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! கதவு பக்கம் பார்த்து, "எங்க ஊர்ல பிடிக்கலேன்னா சுவாரசியம்பாங்க. அறவே பிடிக்கலேன்னா வித்தியாசம்பாங்க. எனக்கு அந்த ரிங்க் வேணும். மூட வேண்டாம்," என்று சொல்லிவிட்டேன். ஆர்லோ, ஊர் நடுவில் நின்று 'வேண்டாம்' என்று சொன்னேன்! லொரெய்ன் எழுந்தாள், முகம் பீட்ரூட் கணக்காகச் சிவந்திருந்தது. "எனக்கும் வேண்டாம்," என்றாள். அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர், கடைசியில் மேயர் டுவேனே மணியை வைத்துவிட்டு "வேண்டாம்தான்" என்றார்.

காஸ்டெல்லானோ தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க ஊர்னா இந்நேரம் நாற்காலி பறந்திருக்கும்! அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னோமே! கடிதம் போட்டோமே!" என்றது ஊர்.

ஒருவர் பாக்கியில்லாமல் ரிங்க்குக்கே ஓட்டு விழுந்தது. வெளியே வந்தபோது யாரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, "குளிர் கொஞ்சம் குறைஞ்சாப்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிப்போனார்கள். அதுவே எனக்கு மாலை மரியாதை. மறுநாள் காஸ்டெல்லானோ கணப்பு அறைக்கு வந்து தரையில் மண்டியிட்டு ஒரு பிள்ளைக்கு ஸ்கேட் கட்டிவிட்டார். தொப்பியும் போட்டிருந்தார்.

மற்றபடி இங்கே எல்லாம் நிறைவாக இருக்கிறது. எனக்கு ஒரு குறையுமில்லை, நீ எனக்காக அலைய வேண்டாம். உன் அறையில் போர்வை மாற்றியிருக்கிறேன், சும்மா தூசு தட்டும்போது மாற்றியதுதான். கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா,
ஆர்டிஸ்

பி.கு: உறையை ஒட்டும் முன், நூலகத்துக் கணினியில் இந்தக் கடிதத்தையே அந்த இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தேன். எழுதியவர் வெற்றிக் களிப்பில் இருக்கிறார், விருந்தாளிகளை விரும்பவில்லை என்கிறது. முட்டாள் இயந்திரம். ஆனால் நீயும் அரிசோனாவுக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிறது, அதைப் போலவே படித்துத் தொலைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. நம் ஊரில் மூன்று தடவை கேட்க வேண்டும், முதல் இரண்டுக்கும் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். நீ ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். மீதி இரண்டையும் நீ கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். காபி நாறுகிறது. வீடு நரகமாக இருக்கிறது. கிளம்பி வா.