ஒரு சென்டிமீட்டர் சுத்தம்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு மேதாவி இருந்தானாம். ஊர் கரமனை. மேதாவி நான்.

வேலை சின்னதுதான். அத்தை வீட்டுக் கொல்லையில மதில் கட்டணும். எல்லைக்கல் எப்பவோ மண்ணுக்குள்ள போயாச்சு. நாகர்கோவில் கொத்தனாருக்கு அன்னிக்கு ஒருநாள்தான் ஒழிவு. விட்டா, மழை முடிஞ்சுதான் வருவார்.

சர்வே கம்பெனியில சேர்ந்து மூணு மாசம். "டேப் எதுக்கு அத்தை? சேட்டிலைட் சொல்லும்"னு ஆபீஸ் கருவியோட இறங்கினேன்.

அது ரெண்டு துண்டு. பேஸ்ங்கறது ஒரே இடத்துல நிக்கும். இன்னொண்ணைக் கம்புல மாட்டிண்டு நான் நடக்கணும். பேஸை, இருக்கற இடம் கணக்காத் தெரிஞ்ச சர்வே புள்ளி மேலதான் வெக்கணும். புள்ளி தெருமுனையில இருந்தது. அத்தனை தூரம் யார் தூக்கறது? மொட்டைமாடியில வெச்சேன். "எங்க நிக்கறேன்?"னு கேட்டுது. "நீயே பார்த்துக்கோ"ங்கற பட்டனை அமுக்கினேன்.

திரையில பிழை ஒரே ஒரு சென்டிமீட்டர்! சர்வே ரெக்கார்டுல இருந்த எல்லைக் கணக்கைக் கருவியில போட்டுப் பத்து தடவை அளந்தேன். பத்து தடவையும் எல்லை ஒரே இடத்துல வந்துது.

பக்கத்து வீட்டு விசாலம் மாமியோட துணி தோய்க்கற கல்லு மேல.

"நான் அப்பவே சொல்லலையா! அவ வேலியை நகத்திண்டே வந்தா!"ன்னு அத்தை பூரிச்சா.

மாமி பக்கெட்டோட ஓடிவந்தா. "எந்தாடா இது? என் கல்லுல கம்பை ஊனறே!"

நான் சத்தமாப் பேசறவன் இல்லை. இந்த அபத்தத்தையும் மெதுவாத்தான் சொன்னேன். "ஒரு சென்டிமீட்டர்தான் மாமி முன்னப்பின்ன இருக்கும்."

"வேலி தாண்டி ரெண்டு மீட்டர் உள்ள வந்திருக்கேடா!"

"அதுவும் துல்லியமாத்தான் மாமி."

மறுபக்கத்து வீட்டு மணி மாமா எட்டிப் பார்த்தார். "அப்படியே நம்ம பக்கமும் அளந்துடு, மோனே."

அளந்தேன். அத்தையோட பாதி பாத்ரூம் மாமாவுக்குப் போயிடுத்து!

"மெஷினைத் திருப்பிப் போடுடா!"ன்னு அத்தை அலறினா.

"தெரு பூரா இப்படி நகர்ந்தா கடைசி வீடு ஆத்துக்குள்ளயாக்கும்"னு மாமா சிரிச்சார். "ஆமா, மாடியில நிக்கற அந்தக் குந்தம் மெஷினுக்கு, அது எங்க நிக்கறதுன்னு யாருடா சொன்னா?"

"அதுவே... உத்தேசமா..."

"உத்தேசம்னா?"

"ரெண்டு மூணு மீட்டர், மாமா."

அப்பதான் எனக்கே உறைச்சுது. அந்த ஒரு சென்டிமீட்டர் சுத்தம் பேஸுக்கும் கம்புக்கும் நடுவுல மட்டும்தான். பேஸுக்கே தான் நிக்கற இடம் தெரியலை. ஒரே தப்பைப் பத்து தடவை சுத்தமாப் பண்ணியிருக்கேன்!

"தெருமுனையில வெச்சு மறுபடி அளக்கறேன்..."

"இனி சர்க்கார் சர்வேயர் வரட்டும்"னா மாமி. "அதுவரைக்கும் ஒரு செங்கல் விழப்படாது!" பக்கெட்டை எடுத்துண்டு போனா. மணி மாமாவும் தன் வீட்டுக்குள்ள போனார். அத்தை என்னைப் பார்க்காமலே உள்ள போனா.

காலம்பற இருந்து ஓரமாக் காத்திண்டிருந்த கொத்தனார் நூலைச் சுத்திப் பையில போட்டார்.

"தம்பி, நாங்க நூலு பிடிச்சா ஒரு விரக்கடை தப்பும். தெருவையே தப்ப விடமாட்டோம் பாத்துக்கிடுங்க."

சொல்லிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நேர்கோட்டுல நடந்தார்.