ஆல்-வெதர் டயரும் அப்பாவின் மாலையும்

என் அப்பா ஒருமுறைகூட என் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்ததில்லை. காரணம், பம்பாயிலேயே மிக நல்ல இரண்டு டயர்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்த மேதை நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புது நூறு சிசி வண்டி. முன்னால் கண்ணாடி கிடையாது, மறைப்பு கிடையாது, எஞ்சினும் எலும்பும் வெளியே தெரியும் மொட்டை வண்டி. வாங்கிய அன்றே தாராவியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் வாசலில் இரண்டு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று.

அப்பாவுக்குச் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. முப்பது வருடமாக பஸ்தான். ஜூன் கடைசியில் ஓய்வு.

"கடைசி நாளு மூணு மணிக்கு கேட்டுக்கு வந்துருலே. மவன் பைக்குல கூட்டிட்டுப் போவான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

சும்மா போயிருக்கலாம். ஆனால் முந்தின வாரம் முதல் மழையில், சயான் சர்க்கிளில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் என்னைக் கேட்காமல் வேறு பக்கம் கிளம்பிவிட்டது. (நான் விழவில்லை. செருப்பு மட்டும் விழுந்தது.) அப்பாவை வைத்துக்கொண்டு அப்படி ஆனால்? நூலகத்தில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளைப் படித்துக் கெட்டுப்போயிருந்த எனக்கு விடை தெரிந்திருந்தது: ஆல்-வெதர் டயர். வெயிலிலும் பிடிக்கும், மழையிலும் பிடிக்கும்.

லீவு கிடைத்தது அப்பாவின் கடைசி நாளன்றுதான். காலை பதினொரு மணிக்கே சயானில் காதர் பாய் டயர் கடைக்குப் போய்விட்டேன். கடையநல்லூர்க்காரர். நான் பென்சிலை விட்டு ஒவ்வொரு டயரின் பள்ளத்தையும் அளந்தேன், நகத்தால் அழுத்தினேன், மோந்தும் பார்த்தேன்.

"பாய், இதுல மழைக்கு எது நல்லாப் பிடிக்கும்?"

"தம்பி, பம்பாய் ரோட்டுல மழை, வெயிலெல்லாம் கணக்கில்ல. குழிதான் இருக்கு. குழிக்குன்னு எவனும் டயரு போடல. ஒண்ண எடுங்க, தொழுகைக்கு நேரமாவுது."

தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டே திரும்பி வந்தார். "இன்னும் அதே டயரைத்தான் தடவிட்டு நிக்கியளா?"

ஒருவழியாகத் தேர்ந்தெடுத்து மாட்டியும் ஆயிற்று. அப்போதுதான் பின் டயரின் பக்கவாட்டில் அந்த அம்புக்குறியைப் பார்த்தேன். சக்கரம் சுழலவேண்டிய திசைக்கு நேர் எதிராக இருந்தது.

"கழட்டுங்க பாய்!"

"அம்பு பின்னால பாத்தா வண்டி பின்னாலயா போயிரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டினார். மணி இரண்டேகால். நேரம் இருக்கிறதே என்று சட்டை மாற்ற வீட்டுக்குப் போனதுதான் நான் செய்த அடுத்த புத்திசாலித்தனம். அம்மா டயரைப் பார்த்துவிட்டாள்.

"எலுமிச்சம்பழம் நசுக்குன டயரு எங்கலே?"

"கடையில குடுத்துட்டேம்மா."

"சாமி குடுத்த காவலைக் கடையில குடுத்துட்டு வந்து நிக்கியே! இதுலயா உங்கப்பாவ ஏத்தப்போற? பழம் வைக்காம நீ நகரப்படாது!"

வீட்டில் பழமில்லை. வாங்கி வந்தால், நசுக்காத டயரை ஓட்டவும் கூடாதாம்! வண்டியைத் தள்ளிக்கொண்டே கோவிலுக்குப் போனேன். அம்மா பழத்தோடு பின்னால் நடந்து வந்தாள், போலீஸ் கைதியைக் கொண்டுபோவது போல. நடை சாத்தியிருந்தது. பூசாரி மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பழத்தை வைத்தபோது மணி நான்கு. மழை கொட்டியது.

செம்பூர் வரை வண்டி ஒரு அங்குலம்கூட வழுக்கவில்லை. டயரைப் பற்றி நான் படித்தது அத்தனையும் உண்மை.

கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். "மாலா பெஹ்னா ஹுவா அங்கிள்? அபி பஸ் மே கயா" என்றார். மாலை போட்டிருந்தவர்தானே, இப்போதுதான் பஸ்ஸில் போனார் என்று. பிறகு அவராகவே இந்தியில் சொன்னார்: ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாராம். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போக, ஒவ்வொருவரிடமும் "லட்கா ஆயேகா", பையன் வருவான், என்றாராம். வாட்ச்மேன் குடை கொடுத்தபோதும் வாங்கவில்லையாம். பையன் இப்போது வந்துவிடுவான், எதற்குக் குடை?

அங்கேயே கொஞ்ச நேரம் நனைந்துவிட்டு வீடு திரும்பினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நனைந்த மாலை, மடியில் கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம். அம்மாவும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பஸ்ஸுல ஒருத்தன் கேக்கான், 'சாச்சா, ஷாதி கிஸ்கி?', கல்யாணம் யாருக்குன்னு. 'மேரி ஹீ', எனக்குத்தாம்லேன்னுட்டேன். பய ஒடனே எந்திச்சு சீட்டு குடுத்துட்டான்!"

என்னைப் பார்த்தார். "டயரு நல்லாப் பிடிக்காலே?"

"பிடிக்குப்பா."

"அப்ப சரி."

அதன்பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "பஸ்ஸுலதாம்லே மாப்பிள்ளைன்னு சீட்டு குடுக்கான்" என்று சிரித்துவிட்டு ஸ்டாப்புக்கு நடந்துவிடுவார். மூன்றாவது மழைக்காலத்துக்கு அவர் இல்லை. டயர் இன்னும் தேயவில்லை.

நான் எங்கே தாமதமாகப் போனாலும் தங்கை "ஆல்-வெதர் வந்தாச்சா?" என்பாள். வீட்டுக்கு வரும் புது உறவுக்கெல்லாம் மாப்பிள்ளை பஸ்ஸில் வந்த கதையைச் சொல்லிவிடுவாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். கதை எப்போதும் பஸ்ஸில்தான் தொடங்கும். கேட்டில் நின்றதைப் பற்றி அப்பா கடைசிவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. வாட்ச்மேன் சொன்னதை நானும் இதுவரை வீட்டில் சொன்னதில்லை.