சில்வண்டு வளர்த்த மருந்தடி மாமா

போடிநாயக்கனூரிலேயே அதிகமாகப் பூச்சி கொன்றவரும் எங்கள் மருந்தடி மாமாதான், அதிகமாகப் பூச்சி வளர்த்தவரும் அவரேதான். பகலில் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பார். சாயங்காலம் ஜீப்பைவிட்டு இறங்கியதும் சோப்புக்கட்டி கரையக் கரையக் குளிப்பார். பிறகு சில்வண்டுகளுக்கு இரை வைக்க உட்காருவார். அவருடைய சொந்தப் பெயர் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே தெரியாது பிள்ளைகளே.

எல்லாம் ஒரு பச்சோந்திக்காக. மாமா மருந்தடித்த மரத்திலிருந்து அது மயங்கி, அவர் தொப்பியிலேயே விழுந்தது. வனக்காவலரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"தானா இரை பிடிக்கிற வரைக்கும் வச்சுப் பாத்துக்கங்க. பிடிச்சிட்டா வெரசா காட்டுல விட்டுரணும்" என்றார் அவர்.

பச்சோந்தியோ நாக்கை நீட்டவே மறந்துபோயிருந்தது. மாமா ஊட்டினால்தான் சாப்பாடு.

வெளியில் பிடித்த பூச்சியில் மருந்து இருக்குமே! அதனால் சில்வண்டுகளை அவரே வளர்த்தார். பெரிய டப்பாவுக்குள் முட்டை அட்டைகளை அடுக்கி வீடு கட்டினார். சாப்பிடக் கேப்பை மாவு. தண்ணீர் வைத்தால் மூழ்கிவிடும் என்று ஈரப் பஞ்சு. கொசுவத்தி வாசத்தோடு யார் போனாலும் வாசலிலேயே மறிப்பார்.

"குளிச்சிட்டு வா மாப்ளே!"

அந்த மாதம் குளித்துக் குளித்து நிறம் மாறியது பச்சோந்தி இல்லை, நான்தான்.

ஒருநாள் கொசுப்புகை வண்டி அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது.

"அம்புட்டும் செத்துப்போகும் மாப்ளே! டப்பாவக் கொண்டா!" என்று மாமா அலறினார்.

சிலமலையில் இருக்கும் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போவதற்காக பஸ்சில் ஏறினோம். மாமா கையில் ஒரு கொம்பு, அதில் பச்சோந்தி. என் மடியில் டப்பா. கொஞ்ச தூரத்தில் சில்வண்டுகள் கத்த ஆரம்பித்தன.

"யாருய்யா அது, எம்புட்டு நேரமா அடிக்குது? போனை எடுங்க!" என்றார் கண்டக்டர்.

அந்த நேரம் பார்த்து பஸ்சு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மூடி கழன்று, பஸ்சு முழுக்கச் சில்வண்டு!

"மிதிச்சிராதீங்க ஆத்தா! எம் பிள்ளைக்குச் சோறு அது!" என்று மாமா கும்பிட்டார்.

"அடப் பாவி, பெத்த பிள்ளைக்குப் பூச்சியவா குடுக்குற?" என்று ஒரு அம்மா எழுந்தே விட்டார். மாமா கொம்பைத் தூக்கிப் பிள்ளையைக் காட்டினார்.

அப்போது கண்டக்டரின் தோள்பையில் ஒரு சில்வண்டு வந்து உட்கார்ந்தது. சடக்கென்று ஒரு நாக்கு நீண்டது. சில்வண்டைக் காணோம். கண்டக்டர் துள்ளிய துள்ளலில் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"தானா பிடிச்சிருச்சு!" என்று நான் கத்த, பஸ்சே கைதட்டியது. மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் சந்தோஷக் கண்ணீர் என்றார்கள். வனக்காவலர் சொன்னது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் குரங்கணிக்கு மேலே இருக்கும் காட்டில், வனக்காவலர் காட்டிய மரத்தில் மாமா அதை ஏற்றிவிட்டார். அது ஆடி ஆடி இலைக்குள் போய் மறைந்தது. பச்சோந்தியின் ஒரு கண் முன்னால் பார்க்கும்போதே இன்னொரு கண் பின்னாலும் பார்க்கும், தெரியுமா?

திரும்பி நடக்கும்போது மாமா மெதுவாகக் கேட்டார். "ஒத்தக் கண்ணாலயாச்சும் என்னையப் பாத்துச்சா மாப்ளே?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்துச்சு மாமா" என்றேன்.