ஆதாரம் கேட்கும் அண்ணன்

கிறிஸ்தவச் சபைக்குச் சபை ஓர் இனம் உண்டு. அது பாட்டுப் பாடாது, பெஞ்சை எடுத்துப் போடாது, "வேதத்துல எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்கும். நம் மின்விசிறிக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பீடத்தில் பூ வைத்தால் ஆதாரம் கேட்பார், ஒலிபெருக்கி வைத்தால் ஆதாரம் கேட்பார். தான் விற்ற விசிறி தலைக்கு மேல் சுற்றுவதற்கு மட்டும் ஏனோ கேட்டதில்லை.

ஒருநாள் அவர் கண் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பின் மேல் விழுந்தது. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தார்.

"ஞாயிறு வகுப்புன்னு வேதத்துல ஒரு வரி காட்டுங்க பார்ப்போம்! வீட்ல இருக்கும்போதும் வழியில நடக்கும்போதும் பெத்தவங்களே சொல்லிக் குடுக்கணும்னுதான் இருக்கு."

போதகர் தலையைச் சொறிந்தார். வகுப்பெடுக்கும் தையல்கார அக்காவோ, "அண்ணன் சொல்றது ரொம்பச் சரி. பெத்தவங்களே பார்த்துக்கட்டும்" என்று வகுப்பறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். வகுப்பு மூடப்பட்டது. நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, அவர் மனைவி இரண்டு மகள்களையும் கட்டிலுக்கு எதிரே உட்காரவைத்தார். "ம், ஆரம்பிங்க."

"வெள்ளத்துல எல்லா மிருகமும் ஒண்ணா ஏறின பேழையில புலி ஆட்டைச் சாப்பிடலியாப்பா?" என்றாள் சின்னவள்.

"இல்ல."

"பசிச்சா என்ன பண்ணுச்சு?"

"ஜெபம் பண்ணுச்சு."

"புலியா?"

பெரியவள் குறுக்கே வந்தாள். "உலகத்துல இருந்ததே ஒரு குடும்பம்தானே, காயீன் கல்யாணம் பண்ணிக்கிட்டது யார் வீட்டுப் பொண்ணுப்பா?"

வீட்டில் கேட்டார்கள், வழியில் கேட்டார்கள், கடையில் வாடிக்கையாளர் முன்னாலும் கேட்டார்கள். எரிந்து விழுந்தார். சின்னவள் அவரையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாப்பா?"

சுருக்கென்றது. 'தெரியாது கண்ணு, சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த இனத்தின் வாயில் அந்த வாக்கியம் நுழையுமா?

அடுத்த கூட்டத்தில் மேசையைத் தட்டினார். "சின்னப் பிள்ளைங்களைத் தடுக்கவே கூடாதுன்னு தெளிவா இருக்கு! எந்த ஆதாரத்துல வகுப்பை மூடினீங்க?"

போதகருக்குப் புரை ஏறியது. தையல்கார அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டார். வகுப்பு திறந்தது, முதல் வரிசையில் அவர் மகள்கள். அவர் வீட்டுக் கட்டிலில் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

நீங்கள் அந்த ரகமில்லை, தெரியும். நீங்கள் கோயிலுக்கே போகாதவராகவும் இருக்கலாம். ஆனால் போன வாரம் யாரையோ மட்டம் தட்டுவதற்கு யாரோ பெரியவர் சொன்னதை எங்கெங்கோ தேடிப் பிடித்தீர்களே, தேடும்போது முன்பக்கமும் பின்பக்கமும் படித்தீர்களா? சும்மாதான் கேட்டேன்.