மேலதிகாரி கீழிறங்காத கதை

தெருவிளக்குத் துறைக்கு இருந்தது ஒரே ஒரு கூடை லாரி. அதன் முதுகில் நீளமான இரும்புக் கை, கையின் நுனியில் ஆள் நிற்க ஒரு கூடை. கையைத் தூக்குவதும் இறக்குவதும் உள்ளே ஓடும் ஹைட்ராலிக் எண்ணெயின் பொறுப்பு. பொன்னிறமாக இருக்க வேண்டிய அந்த எண்ணெய் கொஞ்ச நாளாகப் பால் நிறத்துக்கு மாறியிருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். மேலே போகும்போதெல்லாம் கூடை, குளிர்ஜுரம் கண்டதுபோல வெடவெடத்தது.

லாரியை ஓட்டுபவருக்கு, லீவரைப் பிடித்துப் பிடித்து, லீவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூடையில் ஏறிப் பல்பு மாட்டுபவர் அவருடைய தங்கை புருஷன். ஆகவே எண்ணெய் கெட்டது குடும்ப விவகாரமுமாயிற்று.

"அண்ணே, அவரை மேல தூக்குறது நீதான். பத்திரமா இறக்கிவிடுறதும் நீதான். சொல்லிட்டேன்" என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

லீவர் மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், எண்ணெய் கெட்டுப்போச்சு. மாத்தணும்."

"எந்த எண்ணெய் போடறதா உத்தேசம்?"

"எப்பவும் போடறதுதான் சார்."

மேலதிகாரி வருத்தமாகச் சிரித்தார். சமீபத்தில்தான் பசுமைக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்திருந்தார். அன்றிலிருந்து திரைச்சீலை பச்சை, நாற்காலி உறை பச்சை, மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் செடி. மை மட்டும் முன்பே பச்சைதான்.

"உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு. இனிமே பசுமை எண்ணெய்தான். தாவரத்துல எடுத்தது. மண்ணுல சிந்தினாலும் மண்ணுக்கு நோகாது."

"மண்ணுல விழறது எண்ணெயா இருந்தா சரி சார்" என்றார் லீவர், மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டு.

"பழையதை வடிச்சிட்டுத்தான் ஊத்தணுமோ?"

வடிப்பதென்றால் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், டேங்கைக் கழுவ வேண்டும், ஃபில்டரை மாற்ற வேண்டும். லீவர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார்.

"எதுக்கு சார்? இருக்கிறதுமேலயே ஊத்திடலாம். பழகிக்கும்."

'வேறு எண்ணெயோடு கலக்காதீர்' என்று பசுமை எண்ணெய் டின்னில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. துவக்கவிழா ஸ்டிக்கரை அதன்மேல்தான் ஒட்டினார்கள்.

விழாவில், மேலதிகாரியே கூடையில் ஏறித் தம் திருக்கரத்தால் பல்பு மாட்டுவதாக ஏற்பாடு. துணைக்கு மாப்பிள்ளை. இரும்புக் கை உயர்ந்தது. கைதட்டலும் உயர்ந்தது. உச்சிக்குப் போனதும் டேங்கில் நுரை பொங்க, கை ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. லீவர் முன்னால் தள்ளிப் பார்த்தார், பின்னால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"மச்சான், கூடை நடுங்குது!" என்று கத்தினார் மாப்பிள்ளை.

"யோவ், நடுங்கறது நான்" என்றார் மேலதிகாரி.

லாரியின் பக்கவாட்டில் அவசரத் திருகு ஒன்று உண்டு. திறந்தால் எண்ணெய் மெல்லத் திரும்பி, கை தானாக இறங்கும். ஆனால் அதற்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். லீவர் கைவைத்ததும் தலைமை எழுத்தர் பாய்ந்து தடுத்தார்.

"எழுத்து மூலமா மேலிடத்து உத்தரவு இல்லாம உடைக்கக் கூடாது."

"ஐயா, அவர் மேல மாட்டிக்கிட்டிருக்காரு!"

"மேலிடத்து உத்தரவு மேலேயிருந்துதானே வரணும்? வரட்டும்."

கயிற்றில் கட்டிய காகிதமும் பேனாவும் மேலே போயின. 'அதிகாரியைக் கீழிறக்க அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்ததைப் படித்த மேலதிகாரிக்கு நடுக்கமே நின்றுவிட்டது.

"என்னைக் கீழிறக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போடவா? நாளைக்குப் படிக்கிறவன் பதவியிறக்கம்னு நினைப்பான். மாட்டேன்."

"நியாயம்தான்" என்றார் எழுத்தர்.

"சார், எனக்கு இறங்கினா போதும் சார்" என்றார் மாப்பிள்ளை.

"உனக்கென்னய்யா, இறங்கறதுக்குப் பதவியா இருக்கு?"

எழுத்தர் யோசித்தார். பிறகு வேறு காகிதத்தில் எழுதினார்: 'மேலதிகாரி அவர்கள் தற்போது வகித்துவரும் உயரத்திற்குத் தரையை உயர்த்த ஆணையிடப்படுகிறது.' மேலதிகாரி முகம் மலர்ந்து கையெழுத்திட்டார். கீழே நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து லீவருடையது. மாப்பிள்ளை வந்து சேர்ந்தால் போதும், தரை எங்கே போனால் அவருக்கென்ன?

திருகு திறந்தது. புஸ்ஸென்ற பெருமூச்சோடு, தரை மெல்ல உயர்ந்து மேலதிகாரியின் ஷூவைத் தொட்டது. மறுபடியும் கைதட்டல்.

ஆணை என்றால் ஆணைதான். தரையே விளக்கு உயரத்துக்கு வந்துவிட்டதால் கூடை லாரி தேவையற்றதென முடிவாகி, கொட்டகைக்குப் போயிற்று. எண்ணெய்ப் பிரச்சினையும் ஒழிந்தது. எரியாத விளக்கைப் பற்றி யார் புகார் செய்தாலும், ஒரு பல்பும் 'கையை நீட்டி மாட்டிக்கொள்ளவும்' என்ற பச்சை மைப் பதிலும் கிடைத்தன. புகார் சொன்னவர்கள் எல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள். என்ன பேச முடியும்?

ஒரு சாயங்காலம் தங்கை பல்பும் கையுமாக லீவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவர் இனிமே மேல ஏற வேண்டாம்னதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா வாசல் இருட்டிக் கிடக்கே?"

"கையை நீட்டி மாட்டு."

தங்கை அவரைப் பார்த்தாள். கம்பத்தின் உச்சியைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பல்பை உயர்த்திப் பிடித்து, எக்கினாள்.

"எட்டலண்ணே."

லீவர் குனிந்து காலடித் தரையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டிருக்கிறாரே.

"இன்னும் கொஞ்சம் எக்கும்மா" என்றார்.